சனியனோட நிலா

சனி என்றால் நம்ம ஜனங்களுக்கும் பயம்தான். கடன் வாங்கித் திருநள்ளாறு போய் விளக்கேற்றி வந்தவர்கள் எங்கள் சேரியிலேயே உண்டு. படிக்கிற காலத்தில் சிதம்பரத்தில் ஒரு டீக்கடையில் "சனியனே, தள்ளி நில்லு" என்று என்னையே சொன்னார்கள். அந்தக் கிரகமும் நாமும் ஒரே வசவில்தான் இருந்திருக்கிறோம்.

2025 டிசம்பரில், மழை விட்ட ராத்திரிகளில், கடலூர்ப் பக்கம் எங்கள் சேரியில் பின்கொல்லையில் 3 அங்குலத் தொலைநோக்கியை நிறுத்தினேன். தெருவிளக்கு எரியாத இருட்டு அதுக்குத் தோதாய்ப் போச்சு. சனியின் வளையம் கோடாய் மெலிந்திருந்தது. பக்கத்தில் ஒரு புள்ளி. 1655-இல் ஹைகன்ஸ் கண்ட டைட்டன்.

"நட்சத்திரமா இருந்தா?" என்றது அத்தை. நியாயமான கேள்வி. வானம் திறந்த நாளெல்லாம் பிள்ளைகள் நோட்டில் புள்ளி வைத்தார்கள். எட்டு நாளில் அது சனிக்கு மறுபக்கம் போய்விட்டது. 16 நாளில் பழைய இடம். நிலாதான். புதனைவிடப் பெரிசு, காற்று உண்டு, மீத்தேன் மழை பெய்யும் என்றேன்.

"அங்கயும் ஒழுகுமா?" என்றது அத்தை.

குழாயை யார் தொட்டது என்று அந்தக் கொல்லையில் யாரும் கேட்கவில்லை. ஊர்த்தெருக்காரர் ஒருவர் மட்டும், "தம்பி, அத நம்ம வீட்டாண்ட தூக்கியாந்து காட்டேன்" என்றார். "இங்க வாங்க, வரிசை சின்னதுதான்" என்றேன். அவர் வரவில்லை. அவர் பையன் வந்தான்.