அம்மாவும் என்ட நீர்மூழ்கியும்

ரொறன்ரோவில் இருக்கிற பெரியம்மாட மகன் நல்லூர்த் திருவிழாவுக்கு வரப்போவதாகச் சொல்லி, "உனக்கு என்ன கொண்டு வாறது?" என்று கேட்டார். சப்பாத்து என்று சொல்லுவேன் என்று நினைத்திருப்பார். றிமோட்டில் ஓடுகிற நீர்மூழ்கி என்றேன். பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினா.

"வேற சாமான் ஒண்டும் உனக்குக் கிடைக்கேல்லயே?"

அம்மாவுக்கு நீர்மூழ்கி என்றால், சண்டை முடிந்த பிறகு புதுக்குடியிருப்புப் பக்கம் ஆமி காட்சிக்கு வைத்திருந்த அந்த இரும்புக் கூடுகள்தான். எங்கட ஊரில் ஒரு பெடியன் தண்ணிக்குள் எதையோ விட்டுப்போட்டு, அன்ரனா நீட்டின பெட்டியோடு கரையில் நின்றால், ஆர் வந்து என்ன கேட்பினம்? அந்தப் பயத்தை நான் சிரித்துத் தள்ளவில்லை. எனக்கும் கொஞ்சம் இருந்தது. கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஓமென்றா: கடலுக்குக் கொண்டு போகக் கூடாது.

கடலுக்குக் கொண்டு போனால் அது வேலையே செய்யாது என்பது அப்போது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

அதற்கு முதல் ஒன்லைனில் மூவாயிரம் சொச்சத்துக்கு ஒரு கையளவு விளையாட்டு நீர்மூழ்கி வாங்கியிருந்தேன். வாளிக்குள் நல்லாய் ஓடினது. இரண்டாம் நாள் மூடிக்குள்ளால் தண்ணி போய்ச் செத்துப்போனது. அதற்குப் பிறகுதான் இருந்து வாசிக்கத் தொடங்கினேன்.

முதல் படித்தது றேடியோ. இப்போது கடையில் வருகிற றிமோட் எல்லாம் 2.4 கிகாஹேர்ட்ஸ். காருக்கும் ட்ரோனுக்கும் அது திறம், ஆனால் தண்ணிக்குள் சில அங்குலம் போகவே அலை செத்துவிடும். நீர்மூழ்கிக்காரர் இன்னும் பழைய 27, 40, 75 மெகாஹேர்ட்ஸைப் பிடித்துக்கொண்டிருப்பது அதனால்தான். அதுவும் நல்ல தண்ணியில் மட்டும். உப்புத்தண்ணி மின்சாரத்தைக் கடத்தும், அலையை விழுங்கிவிடும். சுத்திவரக் கடல் இருக்கிற ஊரில் இருந்துகொண்டு குளம் தேட வேண்டியதாய்ப் போச்சு.

அடுத்தது, எப்படித் தாழ்வது. ஒரு வகையில் உள்ளே ஒரு தாங்கி இருக்கும். பம்போ பிஸ்டனோ அதற்குள் தண்ணியை எடுக்க, நின்ற இடத்திலேயே தாழும். பார்க்க வடிவு. தண்டர் டைகரின் நெப்டியூன் அந்த வகை. விலையைப் பார்த்தவுடன் அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன். மற்ற வகையில் தாங்கி இல்லை. எப்போதும் கொஞ்சம் மிதக்கிற மாதிரி எடை வைத்திருக்கும். வேகமாய் ஓடும்போது பக்கத்துச் செட்டைகள் அதைக் கீழே அமத்தும், விமானச் செட்டை தூக்குகிறதற்கு நேரெதிராக. மோட்டர் நின்றால் தானாக மேலே வரும். பற்றறி முடிந்தாலும், சிக்னல் அறுந்தாலும், திரும்பி வரும். முதல் நீர்மூழ்கி வாங்குகிற ஆளுக்கு வேற என்ன வேணும்?

ரெவெல் கம்பனியின் 1/72 ஜேர்மன் யூ-போட் கிட்டிலும் ஒரு கண் இருந்தது. மூன்றடி நீளம், விலையும் பரவாயில்லை. ஆனால் அது அலுமாரியில் வைக்கிற பிளாஸ்டிக். அதை ஓட வைக்க உள்ளே தண்ணி புகாத உருளை, மோட்டர், சேர்வோ, றிசீவர் எல்லாம் வேறாக வாங்க வேண்டும். கூட்டிப் பார்த்தால் கிட்டின் விலை சில்லறைக் காசு. பெட்டியில் போட்டிருக்கிற விலையை நம்பி இறங்காதேங்கோ.

கடைசியில் அங்கே ஒருவர் பாவித்துவிட்டு விற்ற, தாங்கி இல்லாத ஒன்றை, அவரின் பழைய 75 மெகாஹேர்ட்ஸ் றிமோட்டோடு அண்ணா 200 டொலருக்குள் எடுத்தார். றேடியோச் சாமான் என்பதால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு முதலே எழுதி அனுமதி கேட்டேன். வந்த கடிதத்தை அம்மா வாங்கிச் சாமித்தட்டில் வைத்தா.

அண்ணா வந்த ஓகஸ்ட்டில் குளம் எல்லாம் வெடித்துக் கிடந்தது. கிணத்தடித் தொட்டியில் அமத்திப் பிடித்துக் குமிழி வருகிறதா என்று பார்த்தேன். வந்தது. மோட்டர்த் தண்டு வெளியே வாற இடத்தில் ஒழுக்கு. கிறீஸ் வைத்து அடைத்தேன். பிறகு ஈயத்துண்டுகளை அங்கயும் இங்கயும் மாற்றி, மேல்கோபுரம் மட்டும் வெளியே தெரியிற அளவுக்குக் கொண்டுவர நாலு பின்னேரம் போச்சு.

மாரி பெய்து குளம் நிரம்பின பிறகு ஒரு ஞாயிறு விட்டேன். கலங்கல் தண்ணி. ஒரு முழம் தாழ்ந்ததும் ஆளைக் காணேல்ல. நெஞ்சு பக்கென்றது. விசையை விட்டேன். ஒன்றுமில்லை. பிறகு நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்திலிருந்து நல்லாத் தள்ளி, தாமரை இலைகளுக்குப் பக்கத்தில், மஞ்சள் கோபுரம் எழும்பினது.

அம்மா அணைக்கட்டில் நின்றா. கையில் பொலித்தீன் பைக்குள் அந்தக் கடிதம். சைக்கிளில் போன ஐயா ஒருவர் காலை ஊன்றி நின்று, "தம்பி, உது என்ன?" என்று கேட்டார். நான் வாய் திறக்க முதல் அம்மா சொன்னா:

"நீர்மூழ்கி. கனடாவில இருந்து வந்தது."