குரங்கணிக்கு எதுக்கு சார் பில்டப்பு?

ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஒரு செல்போன் கைமாறிக் கைமாறி (வழியில் கொஞ்சம் சாம்பாரும் வாங்கிக்கொண்டு) என்னிடம் வந்து சேர்ந்தது. அரை நிமிஷ வீடியோ. மேகம், புல்வெளி, விமானம் மாதிரி இரண்டு கையையும் விரித்தபடி ஒரு வாலிபர். கீழே கொட்டை எழுத்தில்: 'தென்னகத்தின் சுவிட்சர்லாந்து குரங்கணி! சாகறதுக்குள்ள ஒரு தடவை பார்த்துடுங்க!'

"எல்லாம் ஹைப்பு சார்" என்றார் எங்கள் கேஷியர் நண்பர்.

"ஹைப்புன்னா என்ன சார்?" என்றார் அட்டெண்டர்.

கேட்டாரே ஒரு கேள்வி! விளம்பரம் என்றார் ஒருத்தர். புளுகு என்றார் இன்னொருத்தர். ஆஹா ஓஹோன்னு தூக்கிவிடறது என்றேன் நான். அட்டெண்டர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓ... பில்டப்பா?" என்றார். நாலு பட்டதாரிகள் டிபன் பாக்ஸை மூடினோம்.

ஆனாலும் ஒரு சந்தேகம் பாக்கி. பில்டப்பு என்றால் பொய்யா, பெருமையா? நேரில் பார்த்துவிடலாம் என்று அடுத்த சனிக்கிழமை நானும் கேஷியரும் போடிநாயக்கனூரில் இறங்கிவிட்டோம். (2010 கடைசியில் அகலப்பாதைக்காக நிறுத்திய போடி ரயில், 2023 ஜூனில்தான் திரும்ப வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் காக்க வைத்த ரயிலுக்கு எவ்வளவு பில்டப் கொடுத்தாலும் தகும்!)

போடி ஏலக்காய் ஊர். ஸ்பைசஸ் போர்டின் ஏல மையமே இங்கே இருக்கிறது. ஒரு கடையில், "நல்ல காய் இருக்கா அண்ணே?" என்று கேட்டேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நல்ல காய்னா? எட்டு எம்.எம்.மா, ஏழா? அதைச் சொல்லுங்க."

அவ்வளவுதான். இங்கே காய் சல்லடையில் விழும். எட்டு மில்லிமீட்டர் ஓட்டைக்குக் கீழே நழுவினால், நீங்கள் எத்தனை கவிதை பாடினாலும் அது எட்டு எம்.எம். காய் ஆகாது. இந்தக் கடைத்தெருவில் பெருமைக்கு விலை கிடையாது, அளவுக்குத்தான்.

அங்கிருந்து குரங்கணி பதினாறு கிலோமீட்டர் சுமார். மாந்தோப்பு, தென்னை, இலவ மரங்கள் என்று பஸ் வளைந்து வளைந்து போய், மலை அடிவாரத்தில் இறக்கிவிட்டது. ஒரு சின்னத் தெரு, டீக்கடை, கொஞ்ச தூரத்தில் கொட்டகுடி ஆற்றின் சலசலப்பு. நிமிர்ந்து பார்த்தால் மூணு பக்கமும் மலை. பாதி மலையை மேகம் போர்த்தியிருந்தது. பொய் சொல்லக்கூடாது சார், வீடியோவைவிட அழகு.

"அப்ப ஹைப்பு இல்லையா?" என்றார் கேஷியர்.

அவசரப்படாதீங்க!

நம் ஊரில் மலைகளுக்குப் பட்டத்துக்கா பஞ்சம்? ஊட்டி மலைகளின் ராணி. கொடைக்கானல் இளவரசி. ஏற்காடு ஏழைகளின் ஊட்டி. இந்தப் போடிக்கே 'தென் காஷ்மீர்' என்று ஒரு பட்டம் உண்டு. குரங்கணிக்குப் பாவம், சுவிட்சர்லாந்து! அங்கே எந்த சுவிஸ்காரனாவது 'ஐரோப்பாவின் குரங்கணி'ன்னு போர்டு மாட்டியிருப்பானா?

குரங்கணிக்கு மேலே கொழுக்குமலை. அங்கே ஏழாயிரம் அடிக்கு மேல் தேயிலை விளைகிறது. 'உலகிலேயே உயரமான தேயிலைத் தோட்டம்' என்றுதான் எல்லா விளம்பரத்திலும் போடுகிறார்கள். தைவானில் 2,500 மீட்டர், அதாவது எட்டாயிரம் அடியையும் தாண்டித் தேயிலை பறிக்கிறார்கள். அது விளம்பரத்தில் வராது. வராவிட்டால் யாருக்கு நஷ்டம்? டீ டீதான்.

அதே மலையில் பில்டப்பே இல்லாத ஒரு பேரும் இருக்கிறது. டாப் ஸ்டேஷன். சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் மூணாறு தேயிலையைச் சின்ன ரயிலில் அந்த உச்சிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து ரோப்வேயில் கீழே கொட்டகுடிக்கு இறக்கினார்கள். மேலே இருந்தது டாப் ஸ்டேஷன், கீழே இருந்தது பாட்டம் ஸ்டேஷன். தீர்ந்தது விஷயம்! 1924 வெள்ளத்தில் அந்த ரயில் அடித்துக்கொண்டு போனது. பேர் மட்டும் நிற்கிறது.

பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இங்கே 'கார்பாலிக் ஸ்மோக் பால்' கேஸ் ஞாபகம் வந்தது. (மெர்க்கன்டைல் லாவில் ஐந்து மார்க் கேள்வி. மறக்குமா?) 1891ல் லண்டனில் ஒரு கம்பெனி, 'எங்கள் மருந்துருண்டையை முறைப்படி உபயோகித்தும் இன்ஃப்ளுயன்ஸா வந்தால் நூறு பவுன் தருகிறோம்' என்று விளம்பரம் செய்தது. கார்லில் என்ற அம்மாள் உபயோகித்தார். காய்ச்சலும் வந்தது. "அதெல்லாம் சும்மா விளம்பரத்துக்குச் சொன்னது" என்றது கம்பெனி. "பேங்கில் ஆயிரம் பவுன் கட்டியிருக்கிறோம் என்று போட்டீர்களே, அது சும்மாவா? எடு நூறு பவுன்!" என்றது கோர்ட். வெறும் பெருமையைச் சட்டம் மன்னிக்கும். ஒருத்தர் நம்பி இறங்கும்படி சொன்ன வாக்கை மன்னிக்காது.

அப்படியானால் 'சொர்க்கம்', 'சுவிட்சர்லாந்து' எல்லாம் மன்னிக்கக்கூடிய பெருமை. மன்னிக்க முடியாத வார்த்தை எது? டீக்கடையில் கிடைத்தது.

"ஐயா, டாப் ஸ்டேஷன் வரைக்கும் ஈஸி டிரெக்குன்னு போட்டிருக்கே, நிஜமா?"

கடைப் பெரியவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "ரோட்டுக் கணக்குக்குப் பத்துப் பன்னெண்டு கிலோமீட்டரு தம்பி. முழங்கால் கணக்குக்கு எனக்குத் தெரியாது. ஆயிரம் மீட்டருக்கு மேல ஏறணும். அதுவும் எந்த மாசம்? அதை யாரும் கேக்குறதில்ல."

"மாசத்துல என்ன இருக்கு?"

"இப்ப பச்சையா இருக்கே புல்லு... மாசி, பங்குனியில வந்து பாருங்க. ஆளுயரத்துக்குக் காஞ்சு நிக்கும். காத்தும் சேந்துச்சுன்னா..."

அவர் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையுமில்லை. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையிலிருந்து ஒரு குழு, ஈரோடு திருப்பூர்ப் பக்கமிருந்து ஒரு குழு. முக்கால்வாசிப் பேர் உங்களையும் என்னையும் போல வேலைக்குப் போகிறவர்கள். சனி, ஞாயிறு லீவில் மலையைப் பார்க்க வந்தவர்கள். இறங்கும்போது காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. விமானப்படை ஹெலிகாப்டர் வருவதற்கு முன்னாலேயே இந்த ஊர் ஜனங்கள் மேலே ஓடினார்கள். தீக்காயம் பட்டவர்களை டோலி கட்டித் தூக்கி வந்தார்கள். அன்றைக்கும் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிகளிலுமாக இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்துபோனார்கள்.

யார் மேல் குற்றம் என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அதற்கு விசாரணை நடந்தது. மலையேற்றத்துக்கு விதிமுறைகளும் வந்தன. 2024 அக்டோபரில் அரசாங்கமே 'டிரெக் தமிழ்நாடு' என்று நாற்பது பாதைகளைத் திறந்தது. குரங்கணி - சாம்பலாறு அதில் ஒன்று. முன்பதிவு செய்யவேண்டும், கூட வழிகாட்டி வருவார், காட்டுத்தீ சீஸனில் நிறுத்திவைப்பார்கள். சரியான ஏற்பாடு.

என் கவலை அந்த அரை நிமிஷ வீடியோ பற்றித்தான். அதில் பொய் ஒன்றுமில்லை. மேகம் நிஜம், புல் நிஜம். ஆனால் எடுத்த மாசம் இல்லை. எத்தனை மணி நேரம் ஏறவேண்டும் என்பது இல்லை. அனுமதி வேண்டும் என்பது இல்லை. 'சாகறதுக்குள்ள ஒரு தடவை' என்று மட்டும் இருக்கிறது. அந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அந்த வார்த்தையை நினைத்தபோது எனக்கு டீ இறங்கவில்லை சார்.

பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது கேஷியர் செல்போனில் எதையோ நோண்டிவிட்டுத் துள்ளினார். "இதைப் பாருங்க! இந்த 'ஹைப்' இருக்கே, 1920கள்ல அமெரிக்காக் கொச்சையில அதுக்கு அர்த்தமே வேற. மிச்சச் சில்லறையைக் குறைச்சுக் கொடுத்து ஏமாத்துறதாம்! விளம்பரம்ங்கிற அர்த்தமெல்லாம் அப்புறம் வந்ததாம்."

கேஷியருக்குச் சில்லறை சமாச்சாரம் என்றால் கண் மின்னத்தானே செய்யும்? ஆனால் என் சந்தேகம் அங்கே தீர்ந்தது. ஹைப் என்பது புளுகு இல்லை. குறைத்துக் கொடுத்த சில்லறை. கையில் தருகிற நோட்டு நல்ல நோட்டுதான். தராமல் அமுக்கிக்கொண்ட மிச்சத்தில்தான் வம்பு இருக்கிறது. சினிமா, புது மொபைல், 'ஆறே மாசத்தில் பணம் டபுள்' எதுவானாலும் இதே கணக்கு. சொன்னதைச் சோதித்தால் போதாது. சொல்லாமல் விட்டது என்ன என்று கேட்டு வாங்கவேண்டும். மலைக்கு என்றால் மூன்றே கேள்வி: எந்த மாசம், எவ்வளவு ஏற்றம், யார் கூட வருகிறார்கள்?

பஸ் ஹாரன் அடித்தது. இரண்டு டீ, இரண்டு வடைக்கு நூறு ரூபாயை நீட்டினேன். பெரியவர் மிச்சத்தை என் கையில் வைத்தார். நான் அப்படியே பைக்குள் போடப் போனேன்.

"எண்ணிப் பாத்துப் போடுங்க தம்பி" என்றார்.

எண்ணினேன். சரியாக இருந்தது.