உரிமையும் பொறுப்பும்

தன் வயலுக்கு வரப்புக் கட்டுகிறவனிடம் காணும் அக்கறையைக் கூலிக்கு வந்தவனிடம் எதிர்பார்க்க இயலாது என்பர். பணி செய்வோரே நிறுவனத்தின் உரிமையாளராகவும் விளங்க வேண்டும் என்னும் கொள்கைக்கு இந்நம்பிக்கையே வேர். வாணிகத்திற்கு ஏற்ற இக்கொள்கை, நோயாளரைக் காக்கும் பொது மருத்துவப் பணிக்கும் ஏற்குமா? இவ்வினாவை ஏட்டளவில் விட்டுவிடாமல் நடைமுறையிலேயே ஆராய்ந்து பார்த்த நாடு இங்கிலாந்து.

அங்கு ஜான் லூயிஸ் என்னும் பெருங்கடை நிறுவனத்தை, அதன் உரிமையாளர் ஜான் ஸ்பீடன் லூயிஸ் 1929ஆம் ஆண்டில் ஊழியர் நலனுக்கென ஓர் அறக்கட்டளையின் கீழ்க் கொண்டுவந்தார். அங்குப் பணியாற்றுவோர் 'கூட்டாளிகள்' என்றே அழைக்கப்படுகின்றனர். ஆதாயம் கிட்டினால் அவர்களுக்கு ஊக்கத்தொகை உண்டு. நிலைமை தாழ்ந்தால் இல்லை. 1953க்குப் பின் முதன்முறையாக 2021இல் அத்தொகை நிறுத்தப்பட்டது. கடையின் தாழ்வு கூட்டாளிகளோடு நின்றது.

மருத்துவத்தின் நிலை வேறு. 1948 ஜூலை 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற அந்நாட்டுத் தேசிய நலச் சேவை, பெரிதும் மக்களின் வரிப்பணத்தால் இயங்குவது. 2006இல் அதிலிருந்து பிரிந்த தாதியரும் இயன்முறை மருத்துவரும் 'சென்ட்ரல் சர்ரே ஹெல்த்' என்னும் அமைப்பை உருவாக்கினர். பணியாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. மீதப் பணம் மீண்டும் சேவைக்கே. இல்லந்தோறும் சென்று நோயாளரைப் பேணும் பணிக்கு இவ்வமைப்பு இயைந்தே இருந்தது. நோயாளியின் குறையை நேரில் காண்பவரே அதை நீக்கும் முறையையும் வகுக்க முடிந்தது.

எனினும், 2011இல் சர்ரேயின் பிற பகுதிகளுக்கான பெரும் ஒப்பந்தத்திற்கு இவ்வமைப்பு போட்டியிட்டபோது, அது வர்ஜின் குழுமத்தைச் சார்ந்த நிறுவனத்திற்கே சென்றது. வயலுக்கு உரியவராயினும் அவர்கள் பாய்ச்சும் நீருக்கு உரியவராக இல்லை. பணம் தருவது அரசு. ஒப்பந்தத்திற்கோ காலவரையறை உண்டு.

மற்றொரு நிகழ்ச்சி இன்னும் ஆழ்ந்து எண்ணத்தக்கது. பணியாளர்களும் முதலீட்டாளர்களும் பங்கு கொண்டிருந்த 'சர்க்கிள்' நிறுவனம், கடன்சுமையில் தவித்த ஹின்சிங்புரூக் மருத்துவமனையின் நிருவாகத்தை 2012 பிப்ரவரியில் ஏற்றது. ஒப்பந்தம் பத்தாண்டுகளுக்கு. 2015 சனவரியில் ஆய்வாளர்கள் அம்மருத்துவமனையைத் தரம் போதாதது என மதிப்பிட்டனர். நிதிக் குறைப்பையும் அவசரச் சிகிச்சைக்கு வருவோரின் பெருக்கத்தையும் காரணம் காட்டி, நிறுவனம் விலகுவதாக அறிவித்தது. அரசு மருத்துவமனையைத் திரும்ப ஏற்றது, கதவுகள் மூடப்படவில்லை. மூடவும் இயலாது. கடை மூடினால் மக்கள் அடுத்த கடைக்குச் செல்வர். மாரடைப்பால் துடிப்பவன் எங்கே செல்வான்?

இவ்விடத்தில்தான் உண்மை துலங்குகிறது. உரிமை என்பது ஆதாயத்தில் பங்கு மட்டுமன்று. இழப்பைத் தாங்கும் கடமையுமாகும். மருத்துவமனையின் இழப்பைத் தாதியரின் சம்பளப் பையால் தாங்க முடியாது. இறுதியில் அது மக்கள் தலையிலேயே விழும். இழப்பைத் தாங்குவோர் மக்களாயின் உரிமையும் அவர்களுடையதாய் இருப்பதே முறை.

ஆகவே இக்கொள்கையை முற்றும் தள்ள வேண்டுவதில்லை. இல்லப் பராமரிப்பு போன்ற சிறு பணிகளுக்கு அது பொருந்தும். பெரிய மருத்துவமனைகள் அதனிடமிருந்து கொள்ளத்தக்கது பங்குப் பத்திரம் அன்று. பணி செய்வோரின் சொல்லுக்கு மதிப்பு. படுக்கையருகே இரவெல்லாம் விழித்திருக்கும் தாதியின் குரல், திட்டம் தீட்டும் அறையிலும் கேட்க வேண்டும். அதற்கு உரிமைப் பட்டயம் தேவையில்லை; செவிசாய்க்கும் நிருவாகமே தேவை.