பேச்சு போனால் புத்தியும் போய்விடுமா?

நெய்வேலி டவுன்ஷிப்பில் தமிழோடு தெலுங்கு, மலையாளம், இந்தி எல்லாம் கேட்கும். நிலக்கரிச் சுரங்க வேலைக்காகப் பல ஊர்களிலிருந்து வந்தவர்கள். வீட்டில் ஒரு மொழி, கடையில் ஒரு மொழி, ஷிப்டில் இரண்டு மொழி! அப்படிப் பேசிப் பழகிய ஒருவருக்குப் பக்கவாதம் வந்து, எதிரில் இருக்கும் டம்ளரின் பெயர்கூட வாயில் வரவில்லை என்றால்?

இதற்குப் பெயர் அஃபேசியா. பெரும்பாலானவர்களுக்கு மொழியைக் கவனிப்பது மூளையின் இடது பக்கம். அங்கே ரத்த ஓட்டம் தடைப்பட்டால் பேசுவது, புரிந்துகொள்வது, படிப்பது, எழுதுவது எல்லாமே பாதிக்கப்படலாம். பேப்பர், பேனா கொடுத்தாலும் பலரால் எழுதிக் காட்ட முடியாதது இதனால்தான்.

1861ல் பால் புரோக்கா என்ற பிரெஞ்சு டாக்டர் ஒரு நோயாளியைப் பார்த்தார். அவர் வாயில் வந்ததெல்லாம் 'டான்' என்ற சத்தம்தான். ஆனால் மற்றவர்கள் சொன்னது அவருக்குப் பெரும்பாலும் புரிந்தது.

நம் வீடுகளில் இதைத்தான் மறந்துவிடுகிறோம். "அவருக்கு என்ன தெரியும்?" என்று பென்ஷன், பேங்க், பெண்ணின் கல்யாணம் எல்லாவற்றையும் அவர் எதிரிலேயே மற்றவர்கள் முடிவு செய்கிறார்கள்.

எம்.ஜி.ஆரை நினைத்துப் பாருங்கள். 1984 அக்டோபரில் உடல்நிலை மோசமாகிப் பக்கவாதமும் வந்தது. நியூயார்க்கில் சிகிச்சையில் இருந்தபடியே ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். 1985 பிப்ரவரியில் திரும்பியபோது பேச்சு பழையபடி தெளிவாக இல்லை. இருந்தும் 1987 டிசம்பரில் இறக்கும்வரை அவர்தான் முதல்வர். அவருக்காக ஊரே காத்திருந்தது. ரிட்டயர் ஆன ஒரு ஆபரேட்டருக்காகக் காத்திருப்பது யார்?

முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். அதற்காக, பிறகு பயிற்சியை நிறுத்திவிடக் கூடாது. வருடங்கள் கழித்தும் புது வார்த்தைகள் திரும்பலாம். பேச முடியாத சிலருக்குப் பழைய பாட்டின் வரிகள் தடங்கலில்லாமல் வரும். ராகத்தோடு பேசப் பழக்கும் சிகிச்சை 1970களிலேயே வந்துவிட்டது.

ஸ்பீச் தெரபிஸ்ட் பார்ப்பது வாரத்தில் சில மணி நேரம்தான். மீதி நேரம் வீட்டார் கையில். டிவியை அணைத்துவிட்டுச் சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். படத்தைக் காட்டுங்கள், சைகை செய்யுங்கள். தெலுங்கும் தமிழும் கலந்து வந்தால் வரட்டும், திருத்தாதீர்கள்.

இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து, "டீயா, காபியா?" என்று கேளுங்கள். பதிலை நீங்களே சொல்லிவிடாமல் கொஞ்சம் பொறுத்திருங்கள்.