உம்மாவின் கண்ணுக்கு ஏற்ற திரை

மின்னணுச் சாமான்களைப் பூட்டிக் கழற்றிப் பார்க்கும் பிள்ளைகள் இன்று பல வீடுகளில் இருக்கிறார்கள். "எல்சிடி திரை ஒன்று வாங்கித் தாங்க" என்று அவர்கள் கேட்டால், விளையாட்டுச் செலவு என்று நினைத்துவிடுகிறோம். எங்கள் வீட்டில் அப்படிக் கேட்ட ஒரு திரை யாருக்குப் பயன்பட்டது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

கல்முனைப் பகுதியில் பள்ளிவாசல்களுக்கும் பாங்கொலிக்கும் குறைவில்லை. ஆனால், எழுபதைக் கடந்த என் உம்மாவுக்குக் காது மந்தம். வக்து ஆகிவிட்டதா என்று ஒவ்வொரு முறையும் எங்களிடம் கேட்டுத்தான் அறிவார். நாளடைவில் கேட்பதையே குறைத்துக்கொண்டார். பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்ற எண்ணம். சுவரில் மணிக்கூடு இருந்தென்ன? வக்து நாளுக்கு நாள் மாறுகிறதே! அட்டவணையின் பொடி எழுத்தோ அவர் கண்ணுக்கு எட்டாது.

கடையில் விற்கும் தொழுகை நேர மணிக்கூடு வாங்கலாமே என்பீர்கள். நாங்கள் பார்த்தவற்றில் ஆங்கிலமும் அரபும்தான் இருந்தன. உம்மா வாசிப்பது தமிழ். அத்தோடு, அதில் கொழும்பு நேரத்தை வைத்தால் நமக்குப் பொருந்தாது. கல்முனை கொழும்புக்குக் கிழக்கே ஏறத்தாழ இரண்டு பாகை தள்ளி இருக்கிறது. பாகைக்கு 4 நிமிடம் என்றால், சூரியன் நமக்குச் சுமார் 8 நிமிடம் முந்தியே உச்சிக்கு வருகிறது.

சாதாரண தரம் படிக்கும் என் மகன், "மூத்தம்மாவுக்கு நானே செய்து தாறன் வாப்பா" என்றான். ஆர்டுவினோ என்ற சிறு பலகையும், டிஎஸ் 3231 என்ற நேரம் காக்கும் சில்லும் அவனிடம் இருந்தன. வருடம் முழுவதும் ஓடினாலும் அந்தச் சில்லு ஒரு நிமிடமளவே பிசகும். திரை ஒன்றுதான் பாக்கி.

மலிவானது இரண்டு வரி எழுத்துத் திரை. அதில் ஓர் எழுத்துக்கு அகலத்தில் 5, உயரத்தில் 8 புள்ளிகளே. தமிழ் அதில் கிடையாது. நாமாக வரைந்து சேர்ப்பதென்றால் ஒரு நேரத்தில் 8 எழுத்துகள் மட்டும். அரபு படிப்பிக்கும் எனக்கு ஒரு நுக்தாவின் அருமை தெரியும்: ஒரு புள்ளி கூடினால் 'தா' 'ஸா' ஆகிவிடும். தமிழிலும் அப்படியே. அத்தனை சிறிய கட்டத்தில் 'அஸர்' என்று எழுதினால் கடைசிப் புள்ளி எழுத்தோடு ஒட்டிப்போகும்.

ஆகவே கிராஃபிக் எல்சிடிதான் வழி. அதில் எழுத்துக் கட்டம் இல்லை. விரும்பியதைப் படமாக வரையலாம். மகன் மூன்றைப் பரிசீலித்தான். நோக்கியா 5110 கைபேசித் திரை 84க்கு 48 புள்ளி. விலை குறைவு, ஆனால் தீப்பெட்டி அளவுதான். ஓஎல்ஈடி திரை பளிச்சென்று இருக்கும். ஆனால் அதுவும் சிறியது. ஒரே எழுத்தை இரவு பகலாகக் காட்டினால் அந்த இடம் மங்கிவிடும். மூன்றாவது, 128க்கு 64 புள்ளி கொண்ட பெரிய எல்சிடி. அதில் 32 புள்ளி உயரத்தில் எழுதினால் எழுத்து ஒன்றரைச் சென்றிமீற்றரைத் தாண்டும். 'சுபஹ்' முதல் 'இஷா' வரை ஐந்து சொற்களையும் படமாக வரைந்து வைத்தால், அந்தச் சிறு பலகையின் நினைவகத்தில் தாராளமாக அடங்கும்.

பெரிய திரையிலும் இரண்டு நிறம். மகனுக்கு நீலத்தில் வெள்ளை எழுத்துப் பிடித்தது. "பார்க்கப்போவது யார்? அவரையே கேள்" என்றேன். தெரிந்தவர் ஒருவரிடம் இரண்டையும் இரவல் வாங்கி வந்து ஜன்னலோரம் வைத்தோம். "இந்தப் பச்சைதான் தெளிவாத் தெரியுது மகன்" என்றார் உம்மா. பகல் வெளிச்சத்தில் மஞ்சள் பச்சைத் திரையைப் பின் விளக்கு இல்லாமலே வாசிக்கலாம். நீலத்துக்கு விளக்கு எப்போதும் எரிய வேண்டும். 2022 இன் நீண்ட மின்வெட்டை அனுபவித்த நமக்கு, விளக்கை அணைத்துப் பற்றரியை மிச்சப்படுத்த முடிவது சிறிய காரியமா?

வாங்கும்போது திரையின் பின்புறத்தையும் பாருங்கள். ஒரே தோற்றத்தில் இரண்டு வகை உண்டு. கால்களில் 'பி.எஸ்.பி' என்று இருந்தால் பெரும்பாலும் எஸ்டி 7920 வகை. மூன்று தரவுக் கம்பிகளோடு வேலை முடியும். 'சி.எஸ்.1, சி.எஸ்.2' என்று இருந்தால் கேஎஸ் 0108 வகை. பத்துக்கு மேல் கம்பி வேண்டும். நம்முடைய கடற்காற்று உப்புக் காற்று. ஈயம் பற்றவைத்த இடங்கள் கறுக்காமல் இருக்க மூடிய பெட்டிக்குள் வையுங்கள்.

அல்ஹம்துலில்லாஹ், மணிக்கூடு உம்மாவின் கட்டிலுக்கு எதிரே இருக்கிறது. இப்போது மஃரிபுக்குப் பேரப்பிள்ளைகளை எழுப்பி விரட்டுபவர் அவர்தான்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளை ஒரு சாமான் கேட்டால், விலையைக் கேட்குமுன் "இது யாருக்கு?" என்று கேளுங்கள். யாருக்கென்று அவன் சொன்னால், அவரையும் அருகில் இருத்தித் தெரிவு செய்யச் சொல்லுங்கள். பிள்ளை கற்ற கல்வி முதலில் வீட்டிலுள்ள பெரியவருக்குப் பயன்படட்டும். வஸ்ஸலாம்.