பத்து கிராம் பாஸ்பரஸ்

கோட்டுச்சேரிமேட்டில் எங்கள் வீட்டுத் திண்ணையை ஒட்டித்தான் கார் நிற்கும். ஆறு வருடங்களுக்கு முன் யாரோ ஓட்டிய பெட்ரோல் வண்டியாக வாங்கியது. காலையில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடுவேன். லேசாக நீலப் புகை வரும். எஞ்சின் ஆயில் குடிக்கிறது என்று அர்த்தம். ஆயிரம் கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஊற்ற வேண்டியிருந்தது. எஞ்சினைப் பிரித்தால் பெரிய செலவு, ஆயில் டப்பா சின்னச் செலவு. குமாஸ்தா புத்தி சின்னச் செலவைத்தான் தேர்ந்தெடுத்தது.

சென்ற வருடம் புகைப் பரிசோதனையில் வண்டி தேறவில்லை. கார்பன் மோனாக்சைடு அளவு மீறிவிட்டது. மெக்கானிக் தம்பி அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, கன்வெர்ட்டர் போயிடுச்சு. நீங்க ஊத்தின ஆயிலே அதைக் கொன்னுடுச்சு" என்றார்.

எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வந்து தேடிப் படித்தேன். எஞ்சின் ஆயிலில் துத்தநாகமும் பாஸ்பரஸும் கந்தகமும் சேர்ந்த ஒரு மருந்து கலக்கிறார்கள். 1940-களிலிருந்து உள்ள வழக்கம். இரும்பும் இரும்பும் உரசிச் சூடேறும் இடத்தில் அது சிதைந்து, கண்ணாடி போன்ற பாஸ்பேட் படலமாக ஒட்டிக்கொள்கிறது. தேய்வதெல்லாம் அந்தப் படலம்தான், இரும்பு தப்பிக்கிறது.

பிஸ்டன் ரிங் தேய்ந்த வண்டியில் அந்த ஆயில் எரிந்து புகைக்குழாய்க்குப் போகிறது. அங்கே தேன்கூடு போன்ற பீங்கான் கட்டியில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கிறார்கள். நச்சுப் புகையை மாற்றுவது அந்த உலோகங்களின் வேலை. பாஸ்பரஸ் அங்கேயும் போய்ப் படிகிறது. எஞ்சினைக் காத்த அதே படலம் இங்கே உலோகத்தின் வாயை அடைத்துவிடுகிறது.

கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் ஆயில் சுமார் 850 கிராம். அதில் பாஸ்பரஸ் 0.08 சதவீதம் என்றால் 0.68 கிராம். ஆறு வருடத்தில் நான் நிரப்பியது பதினைந்து லிட்டர். ஏறக்குறைய பத்து கிராம்! அதில் கொஞ்சம் வழியில் நின்றிருந்தாலும் மிச்சம் போதும்.

பள்ளியில் எங்கள் முசியே 'ஃபொஸ்ஃபோர்' என்று கரும்பலகையில் எழுதி, கிரேக்கத்தில் ஒளியைச் சுமப்பது என்று பொருள் சொன்னார். அது கரியையும் சுமக்கும் என்று எழுபது வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

நம் நாட்டில் 1995 ஏப்ரலில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை நகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு கன்வெர்ட்டர் கட்டாயமானது. ஈயமும் அதற்கு எதிரி. ஆகவே ஈயமில்லாத பெட்ரோலும் கூடவே வந்தது. 2000-இல் ஈயப் பெட்ரோல் நாடு முழுக்க ஒழிந்தது. 2004-இல் வந்த அமெரிக்கத் தரமான எஸ்.எம்., மெல்லிய ரக ஆயில்களில் பாஸ்பரஸ் 0.08 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்றது. அதற்கு முன் 0.10. எஞ்சின் தேயக்கூடாது என்பதால் 0.06-க்குக் கீழும் போகக்கூடாது. மோட்டார் சைக்கிளில் கிளட்ச்சும் கியரும் அதே ஆயிலில் கிடப்பதால் அதற்கு வேறு தரம். நண்பர்கள் கார் ஆயிலை பைக்கில் ஊற்றிவிடாதீர்கள்.

"புது கன்வெர்ட்டர் விலை ஜாஸ்தி ஐயா. எடுத்துட்டு வெறும் குழாயை வச்சுடலாம், நிறைய பேர் அப்படித்தான் செய்யறாங்க" என்றார் தம்பி. மனசு ஆடியது, மறுக்கவில்லை. பென்ஷனில் இரண்டு மாதம் போகும் தொகை.

மறுநாள் காலை வண்டியை ஸ்டார்ட் செய்தேன். திண்ணையில் காபி டம்ளரோடு உட்கார்ந்திருந்த என் மனைவி முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு உள்ளே எழுந்து போனாள். அவளுக்கு மூச்சிரைப்பு உண்டு. யோசித்துப் பார்த்தேன். பல மாதங்களாகவே அப்படித்தான் எழுந்து போகிறாள். நான்தான் கவனிக்கவில்லை.

ரிங் மாற்றி, புது கன்வெர்ட்டரும் போட்டாயிற்று. காலையில் ஓடவிடும் பழக்கத்தையும் நிறுத்திவிட்டேன். இப்போது அவள் காபியைத் திண்ணையிலேயே குடித்து முடிக்கிறாள்.