விலகியோரும் நிலைத்தோரும்

மார்மன் சமயத்தில் நிலைத்திருப்பவர்களும் அதனின்று விலகிச் சென்றவர்களும் இணையத்தில் ஓயாது நடத்திவரும் வாதப் பிரதிவாதங்களைப் பல ஆண்டுகளாக நான் படித்து வருகிறேன். பிறப்பாலோ ஞானஸ்நானத்தாலோ அந்தச் சமயத்தோடு எனக்கு யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆயினும், அமெரிக்க மண்ணில் தோன்றிய ஒரு மார்க்கத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ளலாம் என்ற எண்ணத்தோடு தொடங்கிய அந்தப் படிப்பு, நாளடைவில், மனித உள்ளத்தைப் பற்றிய பெரியதொரு விசாரணையாக எனக்குள் வளர்ந்துவிட்டது. விலகியவர் விலகிய பின்னும் ஏன் அதையே பேசிக்கொண்டிருக்கிறார்? சத்தியம் தம் பக்கம் இருப்பதாக உறுதி கொண்டவர், விலகியவரின் சொல்லுக்கு இரவெல்லாம் கண்விழித்து ஏன் விடை எழுதுகிறார்?

இந்தக் கேள்விக்கு இரு தரப்பாரும் ஆயத்தமான பதில்களை வைத்திருக்கிறார்கள். சபையை விட்டுப் போக முடிந்தவர்களுக்கு அதைச் சும்மா விட்டுவிட முடிவதில்லை என்பது விசுவாசிகளிடையே வெகுகாலமாக வழங்கிவரும் பேச்சு. உள்ளத்தின் ஆழத்தில் தங்களுக்கே சந்தேகம் இருப்பதனால்தான் இவர்கள் இவ்வளவு வேகமாக மறுக்கிறார்கள் என்பது விலகியவர்கள் கூறும் சமாதானம். இரண்டுமே எதிரே நிற்பவரின் நோக்கத்தைப் பழிக்கின்றனவேயன்றி அவருடைய வாழ்க்கையைப் பார்க்கவில்லை. விடையை அந்தச் சமயத்தின் அமைப்பிலேயே தேடவேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

பெரும்பாலான சமயங்களின் தோற்றம் காலத்தின் மூடுபனிக்கு அப்பால் இருக்கிறது. மார்மன் சமயமோ அச்சு யந்திரமும் செய்தித்தாளும் நீதிமன்றப் பதிவேடும் பெருகியிருந்த ஒரு யுகத்தில் பிறந்தது. நியூயார்க் மாகாணத்துப் பால்மைரா என்னும் ஊரருகே வாழ்ந்த ஜோசப் ஸ்மித் என்ற உழவர் வீட்டு இளைஞர், மோரோனி என்னும் தேவதூதர் காட்டிய குன்றிலிருந்து பொன் தகடுகளை எடுத்ததாகவும், அவற்றில் பொறித்திருந்த பூர்வ அமெரிக்க மக்களின் சரித்திரத்தைத் தெய்வ அருளால் மொழிபெயர்த்ததாகவும் அறிவித்தார். 1830-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மார்மன் புத்தகம் அச்சேறி வெளிவந்தது. ஏப்ரல் 6-ஆம் தேதி சபை ஸ்தாபிக்கப்பட்டது. தகடுகளைக் கண்டதாகப் பதினொருவர் கையொப்பமிட்ட சாட்சியம் அந்த நூலோடு சேர்த்தே அச்சிடப்பட்டிருக்கிறது. பிரத்தியட்சமான சம்பவங்களின் மேல் தன்னை நிறுத்திக்கொண்ட இந்தச் சமயம், அந்தச் சம்பவங்களை ஆராயும்படி உலகத்தாரை அழைத்தது என்றே சொல்லவேண்டும். உலகத்தாரும் அழைப்பை ஏற்றுக்கொண்டார்கள்.

1835-இல் ஜோசப் ஸ்மித்தும் அவருடைய சகாக்களும் விலைக்கு வாங்கிய எகிப்தியப் பாப்பிரஸ் சுருள்களின் வரலாற்றை இதற்கு உதாரணமாகச் சொல்லலாம். ஆபிரகாமின் நூல் என்ற வேதப் பகுதி அவற்றினின்று மொழிபெயர்க்கப்பட்டதாக விசுவாசிகள் கொண்டிருந்தனர். தீயில் அழிந்ததாகக் கருதப்பட்ட அச்சுருள்களின் சில துண்டுகள் நியூயார்க்கிலுள்ள மெட்ரோபாலிடன் கலைக்கூடத்தில் அகப்பட்டு, 1967-ஆம் ஆண்டு சபையின் கைக்கு வந்தபோது, அவை ஆபிரகாமுக்குப் பல நூற்றாண்டுகள் பிற்பட்ட ஈமச் சடங்கு நூல்கள் என்று எகிப்தியவியல் அறிஞர்கள் கண்டார்கள். ஆபிரகாமின் நூல் அழிந்துபோன பகுதியில் இருந்திருக்கலாம் என்றும், சுருள்கள் தெய்வ வெளிப்பாட்டுக்கு ஒரு நிமித்தமாக மட்டுமே அமைந்திருக்கலாம் என்றும் விசுவாசிகள் விடை கூறுகிறார்கள். இந்த வாதம் அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் முடியவில்லை. சான்றுகள் வெளிவந்த அளவினால் மட்டும் அது முடியக்கூடியதும் அன்று.

ஏனெனில், மார்மன் விசுவாசத்தின் ஆணிவேர் சான்றுகளில் இல்லை. ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிற்றுக்கிழமையன்று உபவாசமிருந்து கூடும் சபையில், சிறுவர் முதல் முதியோர் வரை விரும்பியவர்கள் எழுந்து நின்று, இந்தச் சபை உண்மையானது என்று தாங்கள் அறிந்திருப்பதாகச் சாட்சி சொல்லுகிறார்கள். உண்மையான உள்ளத்தோடு இறைவனிடம் கேட்பவர்களுக்குப் பரிசுத்த ஆவியே உண்மையை உணர்த்தும் என்பது மார்மன் புத்தகத்தின் இறுதிப் பகுதியில் உள்ள வாக்குறுதி. ஆகவே, ‘நானும் கேட்டேன், எனக்கு அந்த உணர்த்துதல் வரவில்லை’ என்று ஒருவர் சொல்லும்போது, கேட்டுக்கொண்டிருப்பவரின் மிக அந்தரங்கமான அனுபவத்தின் மேல் அந்தச் சொல் வந்து விழுகிறது. ‘நீ உண்மையான உள்ளத்தோடு கேட்டிருக்கமாட்டாய்’ என்று இவர் மறுமொழி கூறும்போது, அவருடைய மனச்சாட்சியின் மேல் ஒரு குற்றம் சுமத்தப்படுகிறது. எகிப்தியச் சுருளைப் பற்றித் தொடங்கிய பேச்சு, யார் நேர்மையுள்ளவர் என்ற பேச்சாக மாறுவது இந்த இடத்தில்தான்.

இதனினும் ஆழமான காரணம் குடும்ப பந்தம். மார்மன் ஆலயங்களில் கணவனும் மனைவியும் மரணத்தோடு முடியாதபடி, நித்தியத்துக்கும் முத்திரிக்கப்படுகிறார்கள். பிள்ளைகள் பெற்றோருடனும், பெற்றோர் அவர்தம் முன்னோருடனும் அவ்வாறே இணைக்கப்படுகிறார்கள். தசமபாகம் செலுத்தி, மது, புகையிலை, தேநீர், காப்பி ஆகியவற்றை விலக்கி, பிஷப்பின் கேள்விகளுக்கு விடையளித்து அனுமதிச் சீட்டுப் பெற்றவர்களுக்கே ஆலயத்தின் கதவு திறக்கும். விலகிய தந்தை தன் மகளின் ஆலயத் திருமணத்தின்போது வெளியிலே காத்திருக்க நேர்ந்தது. அவரும் காணும்படி முன்னதாக வெளியில் சிவில் திருமணம் செய்துகொண்டால் ஆலய முத்திரிப்புக்கு ஓராண்டு பொறுத்திருக்கவேண்டும் என்ற விதி, அமெரிக்காவில் 2019-ஆம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. மகன் விலகிவிட்டால் விசுவாசியான தாய் இழப்பது ஞாயிற்றுக்கிழமைகளில் அருகே அமரும் ஒரு துணையை மட்டும் அன்று. மறுமையிலும் கூடியிருப்போம் என்று அவள் கண்ட குடும்பத்தில் ஓரிடம் வெறுமையாகிறது. மகனோ, பத்தொன்பது இருபது வயதில் இரண்டாண்டுகள் சமயப் பிரசாரகனாகத் தூரதேசத்து வீதிகளில் நடந்து, இப்போது தான் நம்பாத ஒன்றை நம்பும்படி பிறரை வேண்டிக்கொண்ட நினைவைச் சுமந்துகொண்டிருக்கிறான். இத்தகைய இருவரிடம் போய், இதையெல்லாம் விட்டுவிட்டு அவரவர் வேலையைப் பாருங்கள் என்று சொல்வது எவ்வளவு கருணையற்ற உபதேசம்!

இந்தச் சச்சரவை இணையம் சிருஷ்டித்ததாகச் சிலர் எண்ணுகிறார்கள். ஆனால், 1844-ஆம் ஆண்டிலேயே, இல்லினாய் மாகாணத்து நாவூ நகரத்தில், முன்னர் ஜோசப் ஸ்மித்தின் தலைமைக் குழுவில் ஆலோசகராக இருந்த வில்லியம் லா என்பவரும் அவருடைய நண்பர்களும் சபையினின்று பிரிந்து, ‘நாவூ எக்ஸ்பாசிட்டர்’ என்ற பத்திரிகையை வெளியிட்டார்கள். பலதார மணம் இரகசியமாக நடைபெறுகிறது என்ற குற்றச்சாட்டைத் தாங்கி ஜூன் 7-ஆம் தேதி வெளிவந்த முதல் இதழே அதன் கடைசி இதழுமாயிற்று. ஜோசப் ஸ்மித்தே மேயராக வீற்றிருந்த நகரசபை அந்த அச்சகத்தை அழிக்கும்படி உத்தரவிட்டது. அதன் விளைவாக எழுந்த கொந்தளிப்பில் அவர் கார்த்தேஜ் சிறையில் அடைக்கப்பட்டு, அதே மாதம் 27-ஆம் தேதி, தம் தமையன் ஹைரமுடன் கலகக் கும்பலால் கொல்லப்பட்டார். அச்சகத்தை உடைத்ததனால் கேள்வி உடையவில்லை. நாவூவில் ஜோசப் ஸ்மித் பலதார மணம் மேற்கொண்டிருந்ததை 2014-ஆம் ஆண்டு சபையே தன் கட்டுரையொன்றில் விரிவாக ஒப்புக்கொண்டு எழுதியது. அதனைப் படித்த விசுவாசிகள் பலர், தங்கள் சமயத்தின் சரித்திரத்தைத் தங்களுக்கு முதலில் சொன்னவர்கள் எதிரிகளே என்ற எண்ணத்தால் அடைந்த வேதனையை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள்.

இந்த நெடிய வழக்கில் என் மனத்தை விட்டு நீங்காதவர்கள் இருவர். பதினொரு சாட்சிகளுள் முதல் மூவரில் ஒருவரான டேவிட் விட்மர், 1838-இல் சபையினின்று விலக்கப்பட்டு, திரும்பிப் போகாமலே ஐம்பது ஆண்டுகள் வாழ்ந்து, 1888-இல் மிசௌரி மாகாணத்தில் மரித்தார். தகடுகளைக் கண்டேன் என்ற தம் சாட்சியத்தை மட்டும் கடைசி வரையில் மறுக்கவில்லை. மற்றவர் ஜெரால்ட் டானர். சபையை விட்டு வெளியேறி அதன் கூற்றுகளை மறுத்து எழுதுவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர் அவர். பொன் தகடுகளின் வரலாற்றில் தேவதூதருக்குப் பதிலாக வெள்ளைச் சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற பிராணி ஒன்றைக் காட்டும், பழையதாகச் சொல்லப்பட்ட கடிதம் 1980-களில் புறப்பட்டபோது, அதைக் கொண்டு சபையைத் தாக்குவது அவருக்கு எளிதாக இருந்திருக்கும். ஆனால், 1834-இல் வெளிவந்த ஓர் எதிர்ப்பு நூலின் பகுதிகளை அது மிகவும் ஒத்திருப்பதைக் கண்டு, அது போலியாக இருக்கக்கூடும் என்று 1984-லேயே அவர் பகிரங்கமாக எழுதினார். மறு ஆண்டு, அந்தக் கடிதத்தைப் புனைந்த மார்க் ஹாஃப்மன் தன் மோசடியை மறைக்க வெடிகுண்டு வைத்து இருவரைக் கொன்றான். டானரின் சந்தேகம் சரியென்று அதன் பின்னரே உலகம் கண்டது. தன் கட்சிக்கு அநுகூலமான பொய்யை ஒருவர் தள்ளினார். தன்னை விலக்கிய கட்சிக்கு அநுகூலமான சாட்சியத்தை மற்றவர் காத்தார்.

இவர்களை எண்ணும்போதுதான் வாதாடுபவர்கள் உண்மையில் வேண்டுவது என்ன என்பது எனக்கு விளங்குகிறது. நான் பாவத்தினாலோ சோம்பலினாலோ விலகவில்லை, என் மனச்சாட்சிக்குக் கட்டுப்பட்டே விலகினேன் என்பதை நிலைத்திருப்பவர் ஒருவர் வாயிலாகக் கேட்க விலகியவர் ஏங்குகிறார். நான் மூடனும் அல்லேன், ஏமாற்றுக்காரனும் அல்லேன், என் பிரார்த்தனையில் நான் கண்டது எனக்கு மெய் என்பதை விலகியவர் ஒப்புக்கொள்ள வேண்டும் என்று நிலைத்திருப்பவர் விரும்புகிறார். கேட்டது கிடைக்காதபோதெல்லாம் இருவரும் புதியதோர் ஆதாரத்தைத் தேடிக்கொண்டு வருகிறார்கள்.

ஆதாரங்கள் அற்பமானவை என்பது என் கருத்தன்று. எகிப்தியச் சுருளில் எழுதியிருப்பது என்னவோ அதுதான் எழுதியிருக்கிறது. சரித்திரத்தை மறைக்காமல் சொல்லும் கடமை எந்தச் சபைக்கும் உண்டு. அதையும் பிள்ளைகள் பிறர் வாயால் கேட்டு மனம் உடைவதற்கு முன்பே சொல்லவேண்டும். ஆனால், எதிரே இருப்பவரும் சத்தியத்தை விரும்புகிறவரே என்ற நம்பிக்கை முதலில் இல்லாவிட்டால், எந்த ஆதாரமும் அவர் உள்ளத்துக்குள் செல்லாது. அந்த நம்பிக்கையை முதலில் அளிப்பவர் எத்தரப்பினராயினும், அவரே சத்தியத்துக்கு மெய்யான தொண்டு செய்கிறவர். வாதம் அதன் பிறகும் நடக்கட்டும், நன்றாகவே நடக்கட்டும்.